பதினான்காவது வளைவு

சிமெண்ட் லாரிக்குப் பின்னால்
முதல் கியரிலேயே ஊர்ந்து வந்ததுதான் தப்பு.
பதினான்காவது கொண்டை ஊசியில்
இரண்டு முறை இருமி
அணைந்துபோனது என் பழைய பியட்.

பெட்ரோல் இல்லையா என்றார் இருசப்பன்.
டேங்க் நிறைய இருக்கிறது.
குழாய்க்குள்தான் கொதித்துக் குமிழியாகிவிட்டது.
சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத காற்று,
பம்ப் அமுக்கினால் அமுங்கும்,
விட்டால் விரியும்,
நகராது.

பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து
சோக்கை இழு என்றார் ஒருவர்.
இன்னொருவர், வித்துடு.

அஸ்தம்பட்டியிலிருந்தே
வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார் இவர்,
நாகலூர் மச்சானிடம் கேட்க வேண்டியதை.
மூன்று வருஷம், ஒன்றே கால் லட்சம்.
போன முறையும் இப்படித்தான்.
வாசலில் காது சிவக்க நின்றார்,
உதடு அசைந்தது,
ஒரு சொல்லும் வெளியே வரவில்லை.
காபி குடித்துவிட்டுத் திரும்பினோம்.

பானட்டைத் தூக்கினேன்.
அவர் தோள் துண்டைக் குடிநீரில் நனைத்துப்
பம்பின்மேல் சுற்றினேன்.
உஸ்ஸென்றது.
இனிச் செய்ய ஒன்றுமில்லை, உட்காருங்கள்.

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தோம்.
கீழே சேலம் புழுதிக்குள்,
மேக்னசைட் மேடுகள் மட்டும் வெள்ளையாக.
பன் பொட்டலத்தைக் குரங்கு கொண்டுபோனது.
அவர் திட்டக்கூட இல்லை.

முக்கால் மணி நேரம்.
சாவியைத் திருப்பினேன்,
முனகி, யோசித்து,
பிடித்துக்கொண்டது.

மீதி ஆறு வளைவுக்கும் ஒத்திகை இல்லை.
பெட்ரோல் வாடையடிக்கும் ஈரத் துண்டை
மடியில் வைத்துக்கொண்டு
ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார்.