குரல் வாக்கெடுப்பு

ஜுபைலுக்கு வந்தது வாக்குக் கேட்க அல்ல.
இங்கிருந்து யாரும் வாக்குப் போட முடியாது,
போடவேண்டுமென்றால் ஊருக்கு விமானம் ஏறவேண்டும்.
சங்கத்தார் அழைத்தார்கள், டிக்கெட்டும் அவர்களே.
பொன்னாடை ஏழு, நினைவுப் பரிசு ஒன்று:
கண்ணாடிப் பெட்டிக்குள் பித்தளை ஒட்டகம்.

விருந்து முடிந்ததும் டிரைவர் அருள்ஞானம்,
"ஐயா, ஒரு பத்து நிமிஷம் எங்க கேம்ப்புக்கு" என்றார்.
பத்து நிமிஷம் எனக்குப் பழக்கம்தான்.
அவையிலும் அவ்வளவுதான் தருவார்கள்.

அறை எண் பதினாறு. மூன்றடுக்குக் கட்டில் நான்கு,
ஆணியில் காயாத நீலக் கவரால்கள்.
நாற்காலி எனக்கு மட்டும்.
மற்றவர்கள் கீழ்க்கட்டிலில் தலைகுனிந்து உட்கார்ந்தார்கள்.
மரியாதை என்று நினைத்தேன்.
மேல்கட்டில் இடிக்கும்.

பழக்கதோஷத்தில் ஆரம்பித்தேன்:
இந்தக் கூட்டத்தொடரில் மூன்று மசோதா.
ஏரி உள்வாய் நிலம் பற்றி ஒன்று,
மீன் ஏலக்கூடக் கட்டணம் பற்றி ஒன்று,
மூன்றாவது உங்களுக்கானது,
அயல்வாழ் தொழிலாளர் நலநிதி மசோதா.
வெளிநாட்டில் இறந்தால் குடும்பத்துக்குப் பத்து லட்சம்.
சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தினேன்.
ஏசி மட்டும் சத்தம் போட்டது.

உதுமான் மைதீன், சாரம் கட்டுகிறவர், போனை நீட்டினார்.
விரிசல் விட்ட திரையில் மசோதா முழுவதும்,
முப்பத்தொரு பக்கம்.
மஞ்சள் பூசியிருந்தது ஒரே ஒரு சொல்லுக்கு.
"ஏழாவது பிரிவை வாசிங்க ஐயா. சத்தமா."

'இறக்கும் நாளில் செல்லத்தக்க குடியிருப்பு அனுமதி
உடையவராக இருத்தல் வேண்டும்.'

"செல்லத்தக்க" என்றார் அவர்.
வேறொன்றும் சொல்லவில்லை.

தாவீதுதான் சொன்னான், பானையைத் தேய்த்துக்கொண்டே:
வெள்ளைப்பாண்டியோட அக்காமாவைக் கம்பெனி புதுப்பிக்கல,
எட்டு மாசம் சம்பளம் இல்ல, வேற இடம் போனான்,
ஓடிப்போனவன்னு எழுதிக் கொடுத்துட்டான் கஃபீல்.
வால்வு கிடங்குல ஒரு மதியம் விழுந்தான்.
நாப்பத்தொரு நாளா குளிர் அறையில கிடக்கான்,
செல்லாதவனா.

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.
உண்மை அதைவிடச் சின்னது:
கொறடா கொடுத்த ஒருபக்கச் சுருக்கம் மட்டும் படித்திருந்தேன்,
அதுவும் காரில்.
பேச்சு தயார். ஓரத்தில் என் உதவியாளர்
சிவப்பில் எழுதியிருந்தார், 'கைதட்டலுக்கு இடம் விடவும்'.

ஏழு ஆண்டு. 'ஏற்போர் ஆம் என்க' என்பார் தலைவர்.
ஆம் என்பேன்.
'மறுப்போர் இல்லை என்க.' அப்போது
தண்ணீர் குடிப்பேன்.
ஏற்போரே அதிகம், ஏற்போரே அதிகம்,
மசோதா நிறைவேறியது.

நிதி ஒதுக்கீடு, மைய அரசின் அதிகாரம்,
போலிக் கோரிக்கைகள், எல்லாம் விளக்கினேன்.
எதுவும் பொய் இல்லை.
உதுமான் பொறுமையாகக் கேட்டார், பிறகு:
"செத்தது போலியா ஐயா?"

ஒரு சொல்லை எடுக்க எத்தனை பேர் வேணும் என்றார்கள்.
திருத்தம் கொடுக்க ஒருவர் போதும்.
நிறைவேற நூற்றுப் பதினெட்டு.
கொடுத்தவருக்கு அடுத்த முறை சீட்டு உண்டா என்று
அவர்கள் கேட்கவில்லை.
நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், உள்ளே,
பத்து நிமிஷம் தாண்டி ஒரு மணி நேரமாக.

மணி பத்தரை. நாலரைக்குப் பஸ்.
"லைட்டை அமத்தலாமா?" என்ற தாவீது
என்னைப் பார்த்து, "ஏற்போர் ஆம் என்க" என்றான்.
ஆம், ஆம், மேலடுக்கிலிருந்து கொட்டாவியோடு ஆம்.
"மறுப்போர்?"

"இல்லை" என்றார் உதுமான்.
"அட்டவணை இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை.
ஏற்போரே அதிகம், ஆனாலும் விளக்கு எரிந்தது.
அந்த வெளிச்சத்தில், வாசல் செருப்புக் குவியலில்
என் ஷூவைத் தேடினேன்,
ஒரு கையில் ஒட்டகம்.