நாலாவது மடிப்பு

பனி ரயர் மாற்றத்தான் சக்கரத்தைக் கழற்றினேன்.
உள்வளையத்தில்
யாரோ தூரிகையை உதறின மாதிரி
விசிறியாய்க் கறுப்பு.
தொட்டேன். கிரீஸ்.
விரலிடையில் நெரிக்க, மணல் நறநறத்தது.

ரோச் லைற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு
அச்சைக் கையால் உருட்டினேன்.
துருத்திபோல் மடிந்த ரப்பர்.
முதல் மூன்று மடிப்பிலும் குற்றமில்லை.
நாலாவது விரிந்தபோது
பேசுவோமா விடுவோமா என்றிருந்த வாயொன்று
மெல்லத் திறந்து
சுற்றோடு சுற்றாய் மூடிக்கொண்டது.

பூட் என்கிறார்கள்.
காலில் போடுவதில்லை.
பூட்டு என்று சொல்ல வந்தவன்
பாதியில் விட்ட சொல் என்று வைத்துக்கொள்ளலாம்:
உள்ளிருப்பது வெளியே போகாமல்,
வெளியிலிருப்பது உள்ளே வராமல்.
வினிபெக்கில் வெளியிலிருப்பது
உப்பும் மண்ணும், ஐந்து மாதம்.

"சத்தம் ஏதும் கேக்குதோ?"
கராஜ் வாசலில் தேத்தண்ணியோடு சுகிர்தன்.
இல்லை.
"அப்ப ஓடட்டுமே."

சத்தம் கேட்ட பிறகு பூட் மாற்றி என்ன.
முழுதாய் ஒடித்துத் திருப்பும்போது
டிக் டிக் டிக் என்றால்
உள்ளே குண்டுகள் குழி தோண்டி முடித்துவிட்டன.
அதற்குமேல் புது ரப்பர்
சொத்தைப் பல்லுக்கு லிப்ஸ்டிக்.

கடைக்காரன் அச்சையே மாற்றச் சொன்னான்,
கூலியோடு ஐந்நூற்று எழுபது.
ரப்பர் ஒன்று, பட்டி இரண்டு, கிரீஸ் ஒரு பை
என்று வந்த பெட்டிக்கு முப்பத்திநாலு.

நடு நட்டு
பதினான்கு குளிர்காலத்துத் துருவோடு இருந்தது.
பேக்கரியில் என்னோடு இரவுவேலை செய்யும் ரொடெல்
இரவல் தந்த நீளக் கம்பி.
பிறேக்கை அவர் மிதிக்க
நுனியில் நான் ஏறி நின்றேன்.
ஐம்பத்தியொரு கிலோ. அசையவில்லை.
குளிர்ச்சட்டையும் போட்டு,
மகளின் புத்தகப்பையையும் தோளில் மாட்டி,
மறுபடி ஏறினேன்.
படார்.
இரண்டு பேரும் ஒரு கணம் குனிந்துவிட்டோம்.
பிறகு சிரித்தோம். அவர்தான் முதலில்.

பழைய கிரீஸை வழித்தெறிந்து
ஆறு குண்டையும் துணியில் துடைத்து
ஒவ்வொன்றாய் யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஐந்து கண்ணாடி.
ஆறாவதில் ஒரு மயிரிழை.
நகத்தை ஓட்டிப் பார்த்தேன், தட்டவில்லை.
போதும் என்றேனா
போதுமாயிருக்கட்டும் என்றேனா, நினைவில்லை.

புதுக் கிரீஸை அடைத்து
குமிழை அச்சில் அடித்து ஏற்றி
நிமிர்ந்து பார்த்தால்
மேசையில் இருக்கிறது ரப்பர்,
முதலில் கோர்த்திருக்க வேண்டியது.
சுகிர்தன் ஒன்றும் சொல்லவில்லை.
ஒன்றும் சொல்லாததற்காகவே
அவரோடு சண்டை பிடித்தேன்.
கழற்றி, கோர்த்து, மறுபடி அடித்தேன்.
பட்டியை இறுக்குமுன்
ரப்பர் விளிம்பைத் தூக்கி அடைபட்ட காற்றை விட்டேன்,
பிள்ளைக்கு ஏப்பம் எடுப்பதுபோல.

இரவு பதினொன்று. குளிர் மைனஸ் பதினான்கு.
தேவாலயத்துக் கார்த்தரிப்பிடம் வெறுமை.
யன்னல் இரண்டையும் இறக்கிவிட்டு
வலப்பக்கம் ஒடித்தபடி சுற்றினேன், மெதுவாய்,
ஒன்றும் கேளாததைக் காது கொடுத்துக் கேட்டபடி.
மூன்றாம் சுற்றில்
டிக்.
டிக்.

நிறுத்தினேன். என் கை ஸ்டியரிங்கை விடவில்லை.
அவர் இறங்கிப் போய்
முன்னால் குனிந்தார்.
எஞ்சினைச் சூடாக்கும் வயர்,
கிறில்லில் இருந்து நழுவி,
பம்பரைத் தட்டிக்கொண்டிருந்த அதன் பிளக்.
அதைத் தூக்கி ஆட்டிக் காட்டினார்,
எலியை வாலில் பிடித்தவர் மாதிரி.

செருகிவிட்டு வந்து ஏறினார்.
இன்னும் இரண்டு சுற்று.
பனியின்மேல் ரயரின் நொறுக்கம்,
அவர் மூக்குறிஞ்சும் ஒலி,
வேறொன்றும் இல்லை.

"இனி மற்றப் பக்கம் ஒடி," என்றார்.
வலப்புறச் சக்கரத்தை
நான் இன்னும் கழற்றவே இல்லை.