சட்டைக் கையில் கறந்த பால்

நேற்றிரவு பதினொரு மணிக்கு
எங்கள் சமையலறையில்
மூன்று கைப்பிடி பாதாம் தண்ணீருக்குள் இறங்கியது.
நான் எண்ணவில்லை. அவர் எண்ணினார்.
நூற்றுப் பத்து.
மெசினாவிலிருந்து எதிர்க்கரைக்குப் போகும் படகில்
முப்பத்தோரு வருடம் டிக்கெட் கிழித்த மனிதர்,
எண்ணாமல் யாரையும் உள்ளே விடமாட்டார்.

மூன்று வாரம் முன்னால்
டாக்டர் மிராபெல்லா ஒரு காகிதத்தில்
இரண்டு கோடு இழுத்தாள். நடுவில் கிறுக்கினாள்.
"தின்தாரோ, இது உங்கள் ரத்தக்குழாய்.
இந்தக் கிறுக்கல்
காலைக் காப்பியில் நீங்கள் மிதக்கவிடும் பாலேடு."
அவர் அதை நாலாக மடித்துப்
பையில் வைத்துக்கொண்டார்,
திரும்பி வரும் பயணத்துக்கும் செல்லும் என்பதுபோல.

முதலில் கடையில்தான் வாங்கினோம்.
பெட்டியின் மேல் பாதாம்பூ, பச்சை இலை, ஒரு சூரியன்.
பின்பக்கம் எறும்பெழுத்தில்:
பாதாம், நூற்றுக்கு இரண்டு.
மீதி தண்ணீர், சர்க்கரை,
வாயில் நுழையாத பெயரில் ஏதோ பசை.
வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள்தான் என் கணவர்
(இல்லாவிட்டால் என்னைக் கட்டியிருப்பாரா).
அன்று மட்டும் பெட்டியைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு,
"தொண்ணூற்றெட்டுப் பேர்
டிக்கெட் இல்லாமல் ஏறியிருக்கிறார்கள்" என்றார்.

காலை நாலரை.
படுக்கையில் கிடந்தபடி கேட்கிறேன்.
பாதாம் தோலுரிவதற்குச் சத்தம் உண்டென்று
இன்றுதான் தெரியும்.
ஊறிப் பருத்ததை நுனிவிரலில் அழுத்த
வழுக்கி எகிறி
அலமாரிக் கண்ணாடியில் டிக் என்று ஒன்று.
அடுப்படியில் உருண்டோடி ஒன்று.
பின்னால் தாழ்ந்த குரலில் ஒரு கெட்ட வார்த்தை.
அப்புறம் மிக்சி.
மேல்மாடிக் குரொச்சிஃபிஸ்ஸா
துடைப்பக் கட்டையால் எங்கள் கூரையை இடித்தாள்.
நின்றது.
இழுப்பறை திறக்கிறது, மூடுகிறது, இன்னொன்று திறக்கிறது.
வடிகட்டத் துணி தேடுகிறார்.
கத்தரிக்கோல்.

கத்தரிக்கோலா?

ஓடினேன்.
நாற்காலியில்
பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைச் சீருடைச் சட்டை
ஒற்றைக் கையோடு உட்கார்ந்திருந்தது.
மறு கை மணிக்கட்டில் முடிச்சு விழுந்து
பாத்திரத்தின் மேல் கனத்துத் தொங்கியது.
மாட்டுத் தொழுவம் மிதித்தறியாத கப்பல்காரர்
இரு கையாலும் முறுக்குகிறார்.
முழங்கை மடிப்பில் முதலில் ஈரம்,
பிறகு சொட்டு,
பிறகு, சத்தியமாக, தாரை.
மடி இல்லை, கன்று இல்லை,
உதைக்கக் காலும் இல்லை.

"துவைத்ததுதான்" என்றார்,
நான் வாய் திறக்குமுன்.

ஏப்ரலோடு வேலை முடிந்தது அவருக்கு.
அந்தச் சட்டைக்கு
சனிக்கிழமை தவறாமல் நான்
இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.
ஏன் என்று அவர் கேட்டதில்லை.
நானும் என்னைக் கேட்டதில்லை.

ஒரு கோப்பை நீட்டினார்.
மழையில் நனைந்த பலகை வாசம்,
கடைசியில், தேடினால் மட்டும், ஓர் இனிப்பு.
இத்தனை வருடம் பசும்பால் குடித்தால்
பத்து மணி வாக்கில் என் வயிறு
துறைமுகம் நுழையும் படகாய் ஊதும்.
அவரோடு சேர்ந்து குடிக்க வேண்டுமே என்று
வெளியில் சொன்னதில்லை.
இன்று பத்தும் ஆனது, பதினொன்றும் ஆனது.
ஊதவில்லை.

டாக்டரிடம் போனில் சொன்னார்,
பிள்ளை பெற்றவர் குரலில்.
இதிலும் கொழுப்பு உண்டு, குழாயோடு சண்டை போடாத கொழுப்பு,
குடியுங்கள் என்றாளாம்.
எலும்புக்கு மட்டும் இதை நம்பாதீர்கள்,
கீரையும் முள்ளோடு மத்தியும் தின்னுங்கள்.
மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.
"பசை போடாததால் பிரிந்து நிற்கும். குலுக்கினால் சேர்ந்துவிடும்."
இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.
நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

சட்டைக் கையைத் திருப்பி உதறினேன்.
ஈரச் சக்கை, வெதுவெதுப்பாக,
ஒரு கைப்பிடி. நார்ச்சத்து முழுக்க இதில்தான்.
மாவோடு பிசைந்து பிஸ்கட் போடலாம்.

கையை அலசிக் கொடியில் போட்டேன்.
நீரிணைக் காற்று உள்ளே புகுந்து உப்பி
யாரையோ நிறுத்துவதுபோல் அது ஒருமுறை நிமிர்ந்தது,
தொங்கியது.

நாளைக்குச் சனிக்கிழமை.
இஸ்திரிப் பெட்டியை எடுக்கப் போவதில்லை.
இன்னும் ஒரு கை பாக்கி இருக்கிறது,
இது கிழிந்தால்.