விலக்கு பெற்றவை

இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி, ஏழாம் பாதை.
ஸ்டிக்கர் படிக்காத லாரிக்குக்
கைக்கருவியை நீட்டுவது என் வேலை.
ஆறேகாலுக்குப் புங்கனேரிக் கரையில் நிற்பேன்,
ஸ்கூட்டியைக் கிரானைட் பட்டறைச் சுவரோரம் விட்டு,
சீருடைமேல் அண்ணனின் ஸ்வெட்டரோடு.

மாசி பிறந்து ஆறு நாள்.
மலைக்கோட்டை இன்னும்
இடுப்புவரை பனி கட்டியிருக்கிறது.
மாம்பூ வாசமும் சாலை டீசலும்
ஒரே மூச்சில் ஏறுகின்றன.

எழுதுவது பழைய டோல் லெட்ஜரில்.
ஃபாஸ்டேக் வந்தபின் யாருக்கும் வேண்டாத நோட்டு.
கட்டங்கள் ஏற்கெனவே அச்சாகியிருக்கின்றன:
கார், பஸ், லாரி, பல அச்சு வாகனம், விலக்கு.
கார் என்றால் முக்குளிப்பான்.
பஸ், நாமக்கோழி.
லாரியில் புள்ளிமூக்கு வாத்து.
பல அச்சுக்கு நீலச்சிறகி;
அத்தனை தூரம் வந்தவற்றுக்கு
வேறெந்தக் கட்டம் பொருந்தும்?
விலக்கில் மிச்சமெல்லாம்:
கீரி, தண்ணீர்ப்பாம்பு, ஒரே ஒரு தடவை புனுகுப்பூனை,
மீன் குத்தகைக்காரர் முனிரத்னம்.

சனிக்கிழமை
கார் பதினொன்று, பஸ் அறுபது போல,
பல அச்சு நாற்பத்து மூன்று.
சரிபார்க்க மறுபடி எண்ணும்போது
சேற்றுப் பூனைப்பருந்து தாழ்ந்து வந்து
ஏரியையே கிளப்பிவிட்டது.
நாற்பத்து மூன்று என்றே வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு இரவு முழுக்கப்
பெங்களூர் திரும்பும் கார்கள். கண்ணில் மணல்.
காலையில் புரசு ஒரே கிளையில் பூத்திருந்தது,
மற்ற கிளைகளுக்குத் தகவல் போகாதது மாதிரி.
அதைத் தவிர அன்று எதுவும் எழுதவில்லை.

மாசி பாதியைத் தாண்டியதும்
திம்மராயன் பூவுக்கு மருந்தடிக்க ஆரம்பித்தார்.
மோட்டார் சத்தத்தில் ஆள்காட்டிகூடக் கேட்காது.
தெளிக்கிற புகைக்குள் நுழைந்த தேன்சிட்டு
அந்தப் பக்கம் வெளியே வந்து
எப்போதும்போலக் கத்தியது.
எப்போதும்போலத்தானா, எனக்குத் தெரியவில்லை.
"இன்னிக்கு எவ்ளோ?"
"இருபத்தாறு."
"நேத்து?"
"முப்பத்தொம்போது."
"அப்ப காசு கட்டாமயே போவுதுங்க."
குழாயைத் தோளில் மாற்றிக்கொண்டு
அடுத்த மரத்துக்குப் போனார்.

அன்றிரவு இரண்டரை மணி.
விளக்குக் கம்பங்களுக்கு மேலே
சீப்புப் பல்லில் நகம் இழுத்த சத்தம்.
ஒன்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.
கூண்டுக்கு வெளியே தலையை நீட்டினேன்;
வெளிச்சத்துக்கு மேலே வெறும் கருப்பு.
வடக்கு பார்த்து நின்ற ராஜஸ்தான் லாரி
ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தது.
மேற்பார்வையாளர் ஜெயசிம்மன் ஓடி வந்தார்.
மிஷின் ஹேங் ஆகிவிட்டது என்றேன்.

வெள்ளிக்கிழமை, பல அச்சு: ஒன்று.
பெட்டை. இடது இறக்கை
தண்ணீரைத் தொட்டுக்கொண்டே வருகிறது.
"அதுக்கு நம்ம ஏரி புடிச்சுப்போச்சு"
என்றார் முனிரத்னம், வலையைக் கழுவிக்கொண்டே.
நான் எதுவும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் பதினொரு நாளும் ஒன்று, ஒன்று, ஒன்று.
கரைக்கல்லிலிருந்து தண்ணீர் வரை
ஒன்பது அடி வைத்தேன் முதலில்,
பிறகு பதினான்கு, நேற்று இருபத்திரண்டு.
பட்டறை லாரி பின்வாங்கும் ஜல்லியில்
ஆள்காட்டி நான்கு முட்டை இட்டிருக்கிறது.
சுற்றி மூன்று உடைந்த கிரானைட் துண்டு வைத்தேன்.
டிரைவர் இறங்கிப் பார்த்துத்
தலையில் அடித்துக்கொண்டு
ஸ்டியரிங்கை ஒடித்தார்.

இன்று அதைக் காணோம்.
கோரைக்குள் இருக்கலாம்.
அரை மணி நேரம் நின்றேன்.
ஸ்கூட்டி சீட் சுட ஆரம்பித்தது.
பூஜ்யம் போடக் கை வரவில்லை;
விலக்குக் கட்டத்தில் எழுதினேன்:
நீலச்சிறகி, பெட்டை, பார்க்கவில்லை.

நாளையிலிருந்து எனக்கு ஒன்பதாம் பாதை.
அங்கே கூரை கொஞ்சம் குட்டை,
வானம் ஒரு முழம் கூடத் தெரியும்.