நான்காம் நாள் பென்சில்

பதினொரு பேர். ஒன்பது நாள். மே மாதம்.
விதி ஒன்றுதான்:
தண்ணீர் போன வழியில்தான் போக வேண்டும்.
தார்ச்சாலை வந்தால் குறுக்கே கடக்கலாம்,
அதன்மேல் நடக்கக் கூடாது.

வத்தல்மலையில்
ராகித் தாள் மட்டும் மிச்சமிருந்த ஒரு கொல்லையில் தொடங்கினோம்.
ஓடையில் சொட்டு ஈரமில்லை.
வழி குழம்பும் இடத்தில் ஜெசிந்தா அக்கா
பாட்டில் மூடியளவு தண்ணீரைத் தரையில் விடுவாள்.
அது எந்தப் பக்கம் சாய்கிறதோ
அந்தப் பக்கம் எங்கள் பதினொரு ஜோடிக் காலணி.
அக்காவுக்கும் இருபத்து மூன்றுதான்,
வழி அவளுக்கும் தெரியாது.

இரண்டாம் நாள் அடிவாரத்து ஆழ்துளைக் குழாயில்
தண்ணீர் பிடித்துச் சோதித்தோம்.
மருந்து விட்டதும் நிறம் வெளுத்து மஞ்சளானது.
ஃப்ளோரைடு எவ்வளவு என்று
அட்டையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள் முனிலட்சுமி.
சென்னப்பன் வாயிலிருந்து கையை எடுத்து
முதல்முறையாக முழுசாகச் சிரித்தான்:
'இதுக்கு எதுக்கு மருந்து,
என் பல்லப் பாத்தா போதாதா?'
எண்ணூறு அடி ஆழத்துப் பாறையின் பழுப்பு
அவன் முன்பற்களில் இருந்தது.
யாருக்கும் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
நஸ்ரீன் மட்டும் நோட்டில் எழுதினாள்:
சென்னப்பன், எட்டுப் பல்.

தினம் ஒருவர் தலைவர்.
வரைபடமும் பென்சிலும் அவர் கையில்.
ஓடை உள்ள இடத்தில் கோடு,
இல்லாத இடத்தில் புள்ளிகள்,
அடைத்தது என்னவென்று பக்கத்தில் ஒரு சொல்.
முதல் மூன்று நாளில் வந்த சொற்கள்:
செங்கல் சூளை. கல்யாண மண்டபத்துக் குப்பை.
வீட்டுமனை, கொடிகளோடு.
எழுதுவது சுலபமாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் என் முறை.
பனைமரம் மூன்று தெரிந்ததுமே
எனக்கு நடை தளர்ந்துவிட்டது.
'தலைவி, சீக்கிரம்' என்றார்கள்.
மூடித் தண்ணீரை நானே விட்டேன்.
கொஞ்சம் தயங்கிற்று, பிறகு நேராக
தக்காளித் தோட்டத்துக்குள் போயிற்று.
இன்னொரு மூடி விட்டேன்.
அதுவும் அங்கேதான் போனது.

புறம்போக்கு:
பள்ளியில் அது வசவு.
எங்கள் வீட்டில் முக்கால் ஏக்கர்.
இரண்டு டிப்பர் மண் கொட்டிய இரவு
நான் ஏழாம் வகுப்பு,
டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.
இந்தப் பயணத்துக்குக் கட்டிய ஆயிரத்து ஐந்நூறும்
இதே தக்காளி கொடுத்ததுதான்.

மோட்டார் கொட்டகையிலிருந்து அப்பா வந்தார்.
'எங்க போயிகினு இருக்கீங்க, வெயில்ல?'
'ஏரிக்குண்ணா' என்றாள் ஜெசிந்தா அக்கா.
எல்லோருக்கும் பழம் பறித்துக் கொடுத்தார்,
உப்பும் கொண்டுவந்தார்.
வரப்பில் வரிசையாக உட்கார்ந்து தின்றோம்.
இனிப்பாகத்தான் இருந்தது.
என் முகத்தை யாரும் பார்க்கவில்லை.
அது எனக்காகத்தான் என்று தெரிந்தது.

வரைபடத்தை எட்டிப் பார்த்து
'இதுல நாம எங்க?' என்றார் அப்பா.
கோடு நின்றுபோன இடத்தைக் காட்டினேன்.
அதற்கப்பால் நான் வைத்த புள்ளிகளில்
அவர் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே போனார்,
ஏரி வரைக்கும்.
வறண்ட ஏரிக்குத் தாளில் நீலம் தீட்டியிருந்தோம்.
அங்கே விரல் கொஞ்சநேரம் நின்றது.
ஒன்றும் சொல்லாமல்
மோட்டாரை நிறுத்தப் போனார்.
மோட்டார் வெறுங்காற்றை இழுக்கும் சத்தம்
எங்களுக்கும் கேட்டது.

தாளில் தக்காளிச் சாறு,
ஒரு முழு விரல் ரேகை,
ஓடைக்குக் குறுக்காக.
அதன் பக்கத்தில் எழுதினேன்:
தக்காளி. முக்கால் ஏக்கர்.
பிறகு பெயரையும்.
இனிஷியல் எனக்கும் அவருக்கும் வேறுவேறு,
ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஐந்தாம் நாள் சென்னப்பன் தலைவன்.
பென்சிலைக் கொடுத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தான்:
'என்னா இப்டி அழுத்தியிருக்க,
முனையே இல்ல.'