பசுத்தோல்

வங்கி கொடுத்த படிவத்தில் பதினாறாவது கட்டம்:
வேரியண்ட்.
அதை நிரப்பத்தான் இந்தக் கத்திரி வெயிலில்
சத்துவாச்சாரியிலிருந்து மேல்விஷாரம் வரை
ஸ்கூட்டி ஓட்டி வந்திருக்கிறேன்.

சீல் வைத்த டேனரி.
காய்ந்த சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு அப்பால்
தார்ப்பாய்க்குள் இரண்டு கதவு வண்டி,
தரையோடு தரையாய்.
வாட்ச்மேன் கஜபதி ஒரு முனையை இழுக்க
ஃபைஸான் மறுமுனையை இழுக்க
எழுந்த தூசியில் மூன்று பேரும் இருமினோம்.

"சாதா மாடல்தான் மேடம். இருக்கறதுலயே கம்மி.
பங்காளிங்க எல்லார்கிட்டயும்
அப்பா அப்படித்தான் சொன்னார்."

ஆர்.சி. புக்கில் மாடல் பெயர்
பாதியில் நின்றிருந்தது.
கட்டத்தில் அவ்வளவுதான் இடம்.

பன்னிரண்டு வருடமாக நான் பார்ப்பதெல்லாம்
புலித்தோல் போர்த்திய பசுக்கள்.
காட்பாடியில் ஒருவன்
ஆன்லைனில் வாங்கிய மூன்று எழுத்தை
ஃபெவிக்விக்கில் ஒட்டிவிட்டு
நாலு லட்சம் கூடக் கேட்டான்.
நகத்தை வைத்தேன், கையோடு வந்துவிட்டது.

இங்கே பின்பக்கம் மொட்டை.
சுரண்ட ஒன்றுமில்லை.
நான் கிளம்பியிருப்பேன்.
குனிந்து ஹெல்மெட்டை எடுக்கும்போது
பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரிந்தது,
வெளுத்த சிவப்புக்கு நடுவே
வெளுக்காத சிவப்பில்
ஓர் எழுத்து நின்றிருந்த இடம்.

பிறகு டார்ச்.
சக்கரத்துக்குள் பிரேக் கேலிப்பர் கறுப்பு,
ஆனால் பிரஷ் ஓடிய கறுப்பு.
சாவியால் கீறினேன். உள்ளே மஞ்சள்.
ஸ்பீடாமீட்டர் முள்ளுக்கு
சாதா மாடலுக்கு வேண்டாத நாற்பது கிலோமீட்டர்
கூடுதலாக எழுதியிருந்தது.

சீட்டு மட்டும் எந்தக் கணக்கிலும் சேரவில்லை.
துணியும் இல்லை, கம்பெனித் தோலும் இல்லை.
ஃபைஸான் உள்ளே கவிழ்ந்து
கட்டைவிரலால் அழுத்தி, மடித்து, முகர்ந்தான்.
வந்ததிலிருந்து அவன் சந்தேகமில்லாமல் சொன்னது
அது ஒன்றுதான்:
"இது நம்ம தோல் மேடம்.
மாடு. நம்ம டிரம்ல புரண்டது.
பாருங்க, கழுத்துச் சுருக்கம்."

தலை சாய்க்கும் இடத்தில் விரலை ஓட்டினேன்.
மாட்டுத் தோலுக்கு அடியில்
நூலில் தைத்த அதே எழுத்து
மேடாக நகர்ந்தது.

பழமொழியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.
சொல்லவில்லை.
அவர் செத்து ஏழு மாதம்தான்.

பானெட்டைத் தூக்கி
சேஸிஸ் எண்ணை மண்ணெண்ணெயில் துடைத்து
தாளை வைத்துப் பென்சிலைத் தேய்த்தேன்.
கறுப்புக்குள் ஒவ்வொன்றாக வெள்ளை எழுத்து.
ஏழாவதை என் பட்டியலோடு வைத்துப் பார்த்தேன்.
இரண்டு முறை.

"விலை ஏறுமா?"
"பதினோரு லட்சம்."
அவன் முகத்தில் கடன் கொஞ்சம் இறங்கியது.
பிறகு கேட்டான்,
"இந்தப் படிவம் யார் யாருக்குப் போகும்?"
"வங்கிக்கு. பங்குதாரர்கள் எல்லாருக்கும் ஒரு நகல்."

அதுவரை பேசாத கஜபதி
"இன்னா வருசம் போட்டு கீது?" என்றார்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன்.
அடியில் ஒரு துணிச்சீட்டு,
யார் கண்ணும் படாமல் புதிதாக இருந்தது.
மாதம், வருடம் வாசித்தேன்.

கஜபதி மனசுக்குள் எதையோ
முன்னே பின்னே நகர்த்தினார்.
"அந்தத் தீபாவளிக்குத்தான்
போனஸ் இல்லன்னாரு.
கம்பெனி நஷ்டத்துல கீதுன்னு
எங்க முன்னாடி நின்னு அழுதாரு மேடம்.
நாங்கதான் சமாதானம் சொன்னோம்."
கொஞ்ச நேரம் கழித்து,
"நாப்பத்தாறு பேரு."

அவர் அதை வகுக்கச் சொல்லவில்லை.
நான் வகுத்துவிட்டேன்.

வியர்வை பட்ட தாளில் பேனா இரண்டு முறை வழுக்கியது.
பதினாறாவது கட்டத்தில்
ஓர் எழுத்து எழுதினேன்.

ஃபைஸான் தொட்டி விளிம்பில் நின்று
யாருக்கோ போன் போட்டான்,
எடுப்பதற்குள் வைத்தான்.
தார்ப்பாயின் ஒரு முனையோடு
கஜபதி காத்துக்கொண்டிருந்தார்.
மறுமுனையை நான்தான் பிடித்தேன்.