விருந்தினர் வரிசை

பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில்
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே நின்று
ஊர்ச்சபைத் தலைவி ஷ்டூக்கி அம்மையார்
ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:
வாக்குரிமை இல்லாதவர்கள்
தயவுசெய்து இடப்பக்கம்.

இடப்பக்கம் ஒன்பது கதிரைகள்.
வீதி திருத்தும் இடங்களில் கட்டுவார்களே,
அந்தச் சிவப்பு வெள்ளை நாடா
எங்களைச் சுற்றி.
ஒரு போர்த்துக்கேயத் தம்பதி,
பத்திரிகைக்குக் குறிப்பெடுக்கும் பொடியன்,
இருபத்திரண்டு வருடமாய்
இந்த எம்மே ஆற்றங்கரையில் வரி கட்டும் நான்.
மரியாதையாகத்தான் சொல்கிறார்கள், விருந்தினர் என்று.
விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது
இவர்களுக்குத் தெரியாது.

குப்பைப் பைக்கு விலையேற்றம். நிறைவேறியது.
மயானத்துக்குப் புதுத் தண்ணீர்க் குழாய். நிறைவேறியது.
தீயணைப்பு வண்டியின் விலையைக் கேட்டு
பின்வரிசை முழுக்க இருமியது.
அதுவும் நிறைவேறியது.

ஆறாவது விடயம்:
நள்ளிரவிலிருந்து ஐந்து மணி வரை
தெருவிளக்குகளை அணைத்துவைத்தல்.
வருடத்துக்கு ஒன்பதாயிரம் பிராங்க் மிச்சம்.
அத்தோடு விட்டில்கள், வௌவால்கள்.
திரையில் ஒரு வௌவால் வந்து தலைகீழாய்த் தொங்கியது.
நல்ல படம். எனக்கே பாவமாய் இருந்தது.

ஆலைப்பாதையில் பதினொரு விளக்குகள்.
மூன்றே முக்காலுக்கு
வெதுப்பகத்தில் அடுப்பு மூட்டப் போகிறவளுக்கு
அவை முகம் தெரிந்த ஆட்கள்.
நாலாவது திக்கித் திக்கிப் பேசும்.
ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில்
ஓடைச் சத்தம், வேலி,
திறப்புக் கொத்தை
விரலிடுக்கில் இறுக்கிக்கொள்ளும் இடம்.
இதைச் சொல்ல எழுதிய ஜெர்மன் வாக்கியங்கள் நாலு
என் ஜாக்கெட் பையில் மடிந்து கிடந்தன.
வினைச்சொல்லைக் கடைசியில்தான் வைத்திருந்தேன், சரியாக.
விருந்தினர் பேசுவதில்லை.

மாட்டுப்பண்ணை ஏகெர்ட்டர் எழும்பினார்.
சப்பாத்தில் சேறு இன்னும் காயவில்லை.
"எனக்கு வெளிச்சம் வேண்டாம். மாட்டுக்கும் வேண்டாம்.
ஆனால் பனிக்காலத்தில்
நாலு மணிக்கு நான் அந்தப் பாதையால் வரும்போது
எனக்கு முன்னால் ஓர் ஆள் நடந்த தடம் இருக்கும்.
சின்னக் கால். ஒவ்வொரு நாளும்.
ஆரென்று எனக்குத் தெரியாது.
அந்த ஆளிடமும் ஒரு சொல் கேட்டுவிட்டு அணையுங்கோ."

சிலர் சிரித்தார்கள், நல்ல மாதிரித்தான்.
நான் குனிந்து
என் சப்பாத்தைப் பார்த்தேன்.
முப்பத்தாறாம் அளவு.

ஆதரவானவர்கள் கை உயர்த்துக.
எண்ணுகிறவர்கள் இரண்டு பேர்
வரிசைகளுக்குள் உதடசைத்தபடி போனார்கள்.
மூன்றாவது வரிசையில் என் மகள் யதுஷா.
மார்ச்சில் கிடைத்த சிவப்புக் கடவுச்சீட்டு.
அவளுடைய முதல் கை
தயக்கமே இல்லாமல், நேராக,
இருட்டுக்கு உயர்ந்தது.
எனக்குக் கோபம் பிறகுதான் வந்தது.
முதலில் கண்ணில் பட்டது
ஸ்வெட்டர் முழங்கையில் இருந்த ஓட்டை.

அறுபத்து நாலுக்கு ஐம்பத்தொன்பது.

திரும்பி வரும்போது
"வௌவால்களம்மா" என்றாள்.
"தெரியும்."
கொஞ்ச தூரம் போனபின்
"அது நீங்கள்தானே, அந்தக் கால்.
ஏன் எனக்குச் சொல்லவில்லை?"
என்னத்தைச் சொல்ல?
அவள் எழும்பிவிடக்கூடாதென்று
கதவைச் சத்தமில்லாமல் சாத்தப் பழகியது
நான்தான்.

அணைப்பது ஜனவரி ஒன்றிலிருந்து.
நேற்று ஊர்ச்சபையிலிருந்து ஒரு கடிதம்:
நாலாவது விளக்கைப் பற்றி
வசந்தத்தில் தாங்கள் அனுப்பிய முறைப்பாட்டுக்கு நன்றி,
தாமதத்துக்கு வருந்துகிறோம்.
இன்றைக்கே ஓர் ஆள் ஏணியோடு வந்தார்.
அரை மணித்தியாலம் மினக்கெட்டார்.
இப்போது அது திக்காமல் எரிகிறது,
டிசம்பர் முப்பத்தொன்று வரைக்கும்.